போத்தலுக்குள் போன குமிழிகள்

இறங்குதுறையில் என்னைக் காண்கிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "அந்தோனி, நெஞ்சில துளை போட்டுக் குழாய் விட்டவையாமே? என்னெண்டு இருந்தது?" நான் "ஓம், இப்ப சுகம்" என்று சொல்லிவிட்டு வள்ளத்துப் பக்கம் திரும்பிவிடுவேன். அவர்கள் அன்போடுதான் கேட்கிறார்கள். எனக்குத்தான் நாலு பேர் முன்னால் நின்று என் உடம்பைப் பற்றிக் கதைக்க வராது.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். என்றாலும் கதைப்பதைவிட எழுதுவது எனக்கு லேசு. எழுதும்போது ஒருவரும் முகத்தைப் பார்ப்பதில்லை. என் மனைவி றீற்றாவும் சொன்னாள்: "ஒருக்கா எழுதிப் போடுங்கோ. கேக்கிற ஆக்களுக்கு அதைக் குடுத்துவிடலாம். உங்களுக்காக நான் கதைச்சுக் கதைச்சு என்ர வாய் நோகுது."

மாரி தொடங்கிய நேரத்தில் எனக்குக் காய்ச்சல் வந்தது. ஊர்காவற்றுறைக் கரையில் நண்டு வலை போடுகிறவன் நான். தடிமனும் இருமலும் எங்களுக்குப் புதிதல்ல. கொத்தமல்லி அவித்துக் குடித்துக்கொண்டு வலை தூக்கப் போனேன். காய்ச்சல் தணிந்தது, திரும்ப வந்தது. பிறகு வலது பக்க விலாவில் ஒரு குத்து. மூச்சை உள்ளே இழுத்தால் மீன்முள் குத்துவது போல இருக்கும். அதனால் இழுப்பதைக் குறைத்தேன். மேலால் மேலால் கொஞ்சம் எடுத்தால் குத்து இல்லை. இது நல்ல வழி என்று நினைத்துக்கொண்டேன்.

றீற்றாதான் முதலில் பிடித்தாள். நான் படுக்க ஏலாமல் சுவரில் சாய்ந்திருந்து நித்திரை கொள்வதையும், வலைக்கூடையைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வருவதற்குள் இரண்டு இடத்தில் நிற்பதையும் அவள் பார்த்துவிட்டாள்.

"இஞ்சாருங்கோ, நீங்கள் கதைக்கிறது எப்பவும் குறைவுதான். ஆனால் இப்ப ஒரு வசனத்தையே ரெண்டாய் வெட்டிக் கதைக்கிறியள். வெளிக்கிடுங்கோ ஆஸ்பத்திரிக்கு."

ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரியில் டொக்டர் என் முதுகில் ஒரு கையை வைத்து, அதன் மேல் மறு கை விரலால் தட்டிப் பார்த்தார். இடது பக்கம் வெறும் பீப்பாவில் தட்டுவதைப் போலச் சத்தம் வந்தது. வலது பக்கம் தண்ணீர் நிறைந்த பீப்பாவைப் போல மொத்தென்று இருந்தது. அந்த வித்தியாசம் எனக்கே கேட்டது. பிறகு விரலில் ஒரு சின்னக் கவ்வியைக் கொழுவினார்கள். இரத்தத்தில் ஒட்சிசன் எவ்வளவு இருக்கிறது என்று அது காட்டுமாம். அதைப் பார்த்த மிசி, அதாவது தாதி, ஓடிப்போய் ஒட்சிசன் குழாயைக் கொண்டுவந்து என் மூக்கில் வைத்தா. எக்ஸ்றேயில் ஒரு பக்கம் கறுப்பாகவும் மற்றப் பக்கம் பாலைப் போல வெள்ளையாகவும் இருந்தது. கறுப்பு என்றால் காற்று, அதுதான் நல்லது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

அம்புலன்ஸ் பண்ணைப் பாலத்தால் போகும்போது இரண்டு பக்கமும் கடல். படுத்திருந்த எனக்குத் தெரியவில்லை. மணம் மட்டும் வந்தது. அதைக்கூட ஆழமாக இழுக்க ஏலவில்லை.

யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில் சொன்னதை நான் விளங்கிக்கொண்ட மாதிரி எழுதுகிறேன். நுரையீரலைச் சுற்றி மெல்லிய தோல் இரண்டு இருக்கிறது. ஒன்று நுரையீரலோடு ஒட்டியது, மற்றது நெஞ்சுக் கூட்டோடு ஒட்டியது. இரண்டுக்கும் நடுவில் ஒரு நனைவு மட்டும் இருக்கும், அவ்வளவுதான். எனக்கு வந்தது நிமோனியா, அதாவது நுரையீரலுக்குள் கிருமி போய்ச் செய்கிற வேலை. அதைக் கவனிக்காமல் விட்டதால் அந்த நடு இடத்தில் நீர் ஊறி, பிறகு சீழாகிவிட்டது. அந்தச் சீழ் இருந்த இடத்துக்கு என் நுரையீரல்தான் விலகி இடம் கொடுத்திருக்கிறது. ஈரத்துணியைப் பிழிந்து மூலையில் போட்ட மாதிரி அது சுருங்கிக் கிடக்கிறது என்றார் பெரிய டொக்டர்.

முதலில் ஊசியால் கொஞ்சம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். கசமோ, அதாவது காசநோயோ என்று பார்க்க. அந்தச் சொல்லைக் கேட்டதும் றீற்றாவின் முகம் இறுகிப்போனது. எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டுக்குள் அந்தச் சொல் நுழைந்தால் பிள்ளைகளின் கலியாணம் வரைக்கும் வாசலில் நிற்கும். கசம் மாறக்கூடிய வருத்தம், வெட்கப்பட ஒன்றுமில்லை என்று மிசிமார் எத்தனை தரம் சொன்னாலும் பயம் பயம்தான். முடிவு வரும்வரை அவள் என் பிளேன்ரீக் கோப்பையைக் கழுவிவிட்டு, நான் காணாத நேரம் திரும்பவும் கழுவுவாள். நான் கண்டேன். கசம் இல்லை என்று முடிவு வந்த அன்று, என் கோப்பையில் மிஞ்சியிருந்த தேத்தண்ணியை எடுத்து அவளே குடித்துவிட்டாள்.

குழாய் வைத்ததை வாசிக்கப் பயமுள்ளவர்கள் இந்தப் பந்தியைத் தாண்டிப் போகலாம். விலாவில் விறைப்பூசி போட்டு, இரண்டு எலும்புக்கு நடுவால் கீறி, ஒரு குழாயைத் தள்ளினார்கள். நோவை விட அந்தத் தள்ளல்தான் பெரிசு. ஆரோ முழங்காலால் நெஞ்சுக்குள் ஏறுகிறமாதிரி. பிறகு மஞ்சளாய்ச் சீழ் இறங்கத் தொடங்கியது. இறங்க இறங்க மூச்சு லேசானது. அன்றைக்குப் பல நாளுக்குப் பிறகு தலையணையில் தலை வைத்துப் படுத்தேன்.

அந்தக் குழாயின் மறுநுனி கட்டிலடியில் ஒரு போத்தலுக்குள் போனது. போத்தலில் தண்ணீர் இருந்தது. குழாயின் வாய் தண்ணீருக்குள் அமிழ்ந்திருந்தது. நான் இருமினேன். போத்தலுக்குள் கொப்பளித்துக்கொண்டு குமிழிகள் வந்தன.

நான் விட்ட பிழை அந்த இடத்தில்தான் தொடங்கியது.

இளந்தாரி வயதில் நான் சங்கு குளித்தவன். காற்றுச் சிலிண்டர் ஒன்றும் இல்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்குவோம், சங்கைத் தடவி எடுத்துக்கொண்டு ஏறுவோம். எங்களுக்கு முதலில் பழக்குவது நீந்தவல்ல, குமிழி விடாமல் இருக்க. வள்ளத்தில் நிற்கிறவன் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நிற்பான். ஒன்றிரண்டு குமிழி வந்தால் ஆள் ஏறப்போகிறான். கொத்தாய் வந்தால் ஆளுக்கு ஆபத்து, கயிற்றை இழு. குமிழி என்றால் போகிற உயிர். நான் குமிழி விடாதவன் என்று எங்கள் கரையில் பேர் எடுத்தவன். எனக்கென்று இருந்த ஒரே ஒரு கெட்டித்தனம் அதுதான்.

ஆகவே போத்தலில் குமிழியைக் கண்டதும் எனக்கு உடம்பு குளிர்ந்துவிட்டது. என் மூச்சல்லவா விலாவால் ஒழுகிப் போத்தலுக்குள் போகிறது! ஒருவரிடமும் கேட்கவில்லை. இருமல் வந்தால் பல்லைக் கடித்து விழுங்கினேன். மூச்சை மேலால் மட்டும் எடுத்தேன். விலா அசையாமல் வைத்திருந்தேன். குமிழி நின்றது. எனக்கு ஒரு திருப்தி. பழைய கெட்டித்தனம் இன்னும் கைவிடவில்லை என்று.

மிசிமார் வந்து, "ஐயா, நல்லா இழுத்து மூச்சு விடுங்கோ. இருமுங்கோ. இந்தப் பந்தைக் கிளப்புங்கோ" என்று மூன்று பந்துள்ள ஒரு பிளாஸ்ரிக் பெட்டியைத் தருவார்கள். குழாயால் காற்றை உள்ளே இழுத்தால் பந்து ஒவ்வொன்றாய் மேலே ஏற வேண்டும். நான் "ஓம் மிசி" என்பேன். எல்லாவற்றுக்கும் ஓம்தான். அவர்கள் அங்கால் போனதும் பெட்டியைத் தலையணைக்குப் பின்னால் வைத்துவிடுவேன். வாட்டு நிறைய ஆட்கள் இருக்கிற இடத்தில் உறிஞ்சிக்கொண்டும் காறிக்கொண்டும் இருப்பது எனக்குப் பெரிய வெட்கம்.

பக்கத்துக் கட்டிலில் வேலணையில் தோட்டம் செய்கிற கமக்காரர் ஒருவர் இருந்தார். கந்தையா அண்ணை. வருசக்கணக்காய்ச் சுருட்டுக் குடித்த நெஞ்சு. படியேற ஏலாது, ஆனால் வாய்க்கு மட்டும் மூச்சு எப்படியோ வந்துவிடும்.

"தம்பி, உம்மட போத்தல் நல்ல அடக்கமான போத்தல். பொம்பிளை பாக்க வந்த வீட்டில பொடியன் இருக்கிற மாதிரி இருக்குது."

நான் சிரிப்பையும் அடக்கிக்கொண்டேன். சிரித்தால் குமிழி வரும்.

ஆஸ்பத்திரியில் காசு வாங்குவதில்லை. ஆனால் வருத்தக்காரனைப் பார்க்க ஒருவர் தினமும் பஸ் ஏறினால் வீட்டில் உழைப்பு நின்றுவிடும். அந்தக் கவலை எனக்கு விலாக் குத்தை விடப் பெரிசாய் இருந்தது. எங்கள் அயலட்டம் பேசாமல் ஒரு வேலை செய்தது. தங்கள் வலையைத் தூக்குகிறபோது என் வலையையும் தூக்கி, நண்டை றீற்றாவிடம் கொடுத்திருக்கிறார்கள். அவள் நண்டுக் குழம்போடு வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும். அன்று வெள்ளிக்கிழமை. கந்தையா அண்ணை மரக்கறிச் சோற்றுப் பார்சலைப் பிரித்து வைத்துக்கொண்டு மூக்கை நிமிர்த்தினார்.

"பிள்ளை, வெள்ளிக்கிழமையில எனக்கு முன்னால நண்டு திறக்கிறியே. பாவம் ஆருக்கு?"

"மணக்கிறதுக்குப் பாவம் இல்லை அண்ணை," என்றாள் றீற்றா. "சனிக்கிழமை உங்களுக்கும் கொண்டு வாறன்." சொன்னபடி கொண்டுவந்தாள்.

அடுத்த எக்ஸ்றே எடுத்தார்கள். பெரிய டொக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

"சீழ் வடிஞ்சிட்டுது. கிருமியும் மருந்துக்கு அடங்கிட்டுது. ஆனால் நுரையீரல் விரியேல்லை. இப்பிடியே விட்டால் சுருங்கினபடி ஒட்டிப்போகும். அடுத்த படத்திலயும் இப்பிடி எண்டால் கொழும்புக்கு அனுப்ப வேணும். நெஞ்சைத் திறந்து, நுரையீரலை மூடியிருக்கிற தடிச்ச தோலை உரிக்கிற சத்திரசிகிச்சை."

"அதுக்குப் பிறகு இவர் கடலுக்குப் போகலாமோ டொக்டர்?" என்று றீற்றா கேட்டாள்.

"முதல்ல உயிரோட சுகமாய் இருக்கட்டும் அம்மா. மற்றதைப் பிறகு பாப்பம்."

றீற்றா தண்ணீர்ப் போத்தலை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். போத்தல் நிறையத் தண்ணீர் இருந்தது. திரும்பி வரும்போது முகம் கழுவியிருந்தாள். எனக்குக் கடலைத் தவிர வேறு தொழில் தெரியாது. நான் கட்டிலடிப் போத்தலைப் பார்த்தேன். ஒரு குமிழிகூட இல்லை. இவ்வளவு கவனமாய்ப் பிடித்து வைத்தும் இப்படி ஆகிவிட்டதே என்றுதான் நினைத்தேன்.

அன்று பின்னேரம் இளம் பெண் டொக்டர் ஒருவர் வந்தா. எங்கள் மகள் வயது இருக்கும். குழாயைத் தடவிப் பார்த்து, போத்தலைப் பார்த்து, என்னை இருமச் சொன்னா. நான் ஒரு செருமல் செருமினேன். அவ குனிந்து என் விலாவைப் பார்த்தா.

"அண்ணை, நீங்கள் மூச்சைப் பிடிச்சு வைச்சிருக்கிறியள். ஏன்?"

நான் கட்டிலடிப் பக்கம் பார்த்தேன்.

"நோகுதோ?"

"இல்லை."

"அப்ப?"

அவ போகவில்லை. கதிரையை இழுத்துப்போட்டு இருந்துவிட்டா. கடைசியில் நான் போத்தலைக் காட்டி, சங்கு குளித்த கதையை அரை வசனம் அரை வசனமாய்ச் சொன்னேன். அவ சிரிப்பா என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. கன்னத்தில் கை வைத்துக்கொண்டா.

"ஐயோ அண்ணை. அது உங்கட மூச்சுக் காத்து இல்லை. சீழ் வடிஞ்ச இடத்தில, நுரையீரலுக்கும் நெஞ்சுக் கூட்டுக்கும் நடுவில தேங்கி நிக்கிற காத்து. அது வெளியில போனால்தான் நுரையீரலுக்கு விரிய இடம் கிடைக்கும். குழாய் தண்ணிக்குள்ள இருக்கிறபடியால் போனது திரும்பி வராது. ஒவ்வொரு குமிழியும் உங்களுக்கு லாபம். நீங்கள் லாபத்தைப் பிடிச்சு வைச்சிருக்கிறியள்."

எனக்குக் காது சுட்டது. ஆனால் அவ எழும்பிப் போகாமல், றீற்றா ஊற்றி வைத்த சுடுதண்ணீர்க் கோப்பையை எடுத்து, அதற்குள் ஒரு தேயிலைப் பையை மெல்ல இறக்கினா. கலக்கவில்லை. சாயம் பைக்குப் பக்கத்தில் திரண்டு, பிறகு தானாகவே கோப்பை முழுக்கப் பரவியது.

"இதை ஒருத்தரும் தள்ளேல்லை. கூட இருக்கிற இடத்தில இருந்து குறைய இருக்கிற இடத்துக்குத் தானாய்ப் போகுது. படிக்கிற பிள்ளையள் இதைப் பரவல் எண்டு சொல்லுவினம். காத்தில இருக்கிற ஒட்சிசனும் இப்பிடித்தான் ரத்தத்துக்குள்ள போகுது. ஆனால் போறதுக்கு ஒரு சின்ன வாசல் போதாது. நல்ல விரிஞ்ச பரப்பு வேணும், மெல்லிசாய் இருக்க வேணும், ஈரமாய் இருக்க வேணும். அதுக்குத்தான் நுரையீரலுக்குள்ள எண்ணிக்கை இல்லாத சின்னச் சின்னக் காத்துப் பைகள். எல்லாத்தின்ர சுவரையும் பிரிச்சு விரிச்சால் இந்த வாட்டே போதாது."

என் வலை ஞாபகம் வந்தது. சுருட்டி வைத்தால் ஒரு கூடைக்குள் அடங்கும். விரித்தால் கடலில் அந்தத் தொங்கலும் இந்தத் தொங்கலும் தெரியாது. சுருட்டின வலையைக் கடலில் போட்டு நண்டு படவில்லை என்று அழுகிறவன் போல நான் கிடந்திருக்கிறேன்.

அப்போது எனக்கு ஒரு கேள்வி வந்தது. வாழ்க்கையில் ஒரு டொக்டரிடம் நானாகக் கேட்ட முதல் கேள்வி.

"டொக்டர், அப்ப மீன்? தண்ணியை விட வெளியிலதானே காத்துக் கூட. வெளியில எடுத்தால் ஏன் சாகுது?"

அவவின் முகம் விரிந்துபோனது. "நல்ல கேள்வி அண்ணை! மீன்ர செவுள் சீப்பு மாதிரித் தட்டுத் தட்டாய் இருக்குமெல்லோ. தண்ணிக்குள்ள ஒவ்வொரு தட்டும் விலகி நிக்கும். அவ்வளவு பரப்பாலயும் ஒட்சிசன் உள்ள போகும். வெளியில எடுத்தால் எல்லாம் ஒண்டோட ஒண்டு ஒட்டிப்போகும். சுத்திவரக் காத்து இருக்கும், ஆனால் எடுக்கிறதுக்குப் பரப்பு இல்லை. பிறகு காய்ஞ்சும் போகும்."

இத்தனை வருசம் வள்ளத்துக்குள் மீன் வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்திருக்கிறேன். சாதாளையையும் பார்த்திருக்கிறேன். கடலுக்குள் அந்தப் பாசி மரம்போல விரிந்து ஆடும். கரையில் ஒதுங்கினால் ஒரு கட்டி. இரண்டையும் ஒன்றாய் வைத்து நினைத்ததில்லை. என் நெஞ்சுக்குள் இருந்ததும் அதேதான். மூக்கில் ஒட்சிசன் குழாய், சுற்றிவரக் காற்று, உள்ளே ஒட்டிப்போன செவுள்.

டொக்டர் போன பிறகு கந்தையா அண்ணை என் பக்கம் திரும்பிப் படுத்தார்.

"எல்லாம் கேட்டனான். என்ர நெஞ்சைப் பற்றியும் அந்தப் பிள்ளைதான் முந்தி ஒருக்கா விளங்கப்படுத்தினவ. எனக்கு ஒட்டேல்லையாம். சுருட்டுப் புகையால காத்துப் பையளின்ர சுவரெல்லாம் உடைஞ்சு, கன பை சேர்ந்து ஒரு பெரிய பையாய்ப் போச்சாம்."

"பெரிய பை நல்லதுதானே அண்ணை?"

"நானும் அப்பிடித்தான் கேட்டனான். வீட்டில அறையளை உடைச்சுப்போட்டு ஒரு மண்டபம் ஆக்கினால் சுவர் கூடுமோ, குறையுமோ எண்டு கேட்டா. வெள்ளையடிச்ச எனக்குத் தெரியாதோ. கன அறை உள்ள வீட்டுக்குத்தான் சுண்ணாம்பு கூடப் போகும். என்ர வீட்டில இப்ப சுவர் இல்லை. இடிஞ்சது இடிஞ்சதுதான், திரும்ப வராதாம்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "உம்மட வீட்டுச் சுவர் எல்லாம் அப்பிடியே இருக்குது, தம்பி. மடிஞ்சு கிடக்குது, அவ்வளவுதான். விரிக்க ஏலுமான ஒருத்தன் வெட்கப்பட்டுக்கொண்டு படுத்திருக்கிறதைப் பாக்க எனக்கு வயிறு எரியுது. மூச்சை இழுமன் காணும்!"

வாட்டில் முதன்முதலாய் அவர் பகிடி விடாமல் பேசியது அதுதான்.

நான் பந்துப் பெட்டியை எடுத்தேன். எதிர்க்கட்டில்காரர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டியின் குழாயை வாயில் வைக்க எனக்கு வெட்கமாய் இருந்தது. றீற்றா என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். எழும்பிப் போய் மிசியிடம் ஏதோ கதைத்தாள். சில்லு வைத்த பச்சைத் திரை ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்து என் கட்டிலைச் சுற்றி மறைத்தாள். உடம்பு துடைக்கும்போது வைப்பார்களே, அந்தத் திரை.

"இனி ஒருத்தரும் காணேல்லை," என்றாள். "கூத்துக்கு நிக்கிற மாதிரி நில்லுங்கோ."

அவள் சொன்னது விளங்க உங்களுக்கு ஒன்று தெரிய வேண்டும். எங்கள் கோயில் பெருநாளுக்குக் கூத்துப் போடுவார்கள். நான் ஒருநாளும் மேடையில் ஏறினதில்லை. ஆனால் திரைக்குப் பின்னால் நின்று பிற்பாட்டுப் பாடுகிறவர்களில் நானும் ஒருவன். அரசனாய் வேசம் போட்டவனுக்குத் தொண்டை கட்டினால் என்னுடைய குரலை நம்பித்தான் கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் நிற்பார். ஒருவரும் காணாத இடத்தில் எனக்குக் குரல் இருக்கிறது.

நான் நிமிர்ந்து இருந்தேன். விலாவில் குத்தும் என்று தெரியும். தலையணையை அந்த இடத்தில் அணைத்துக்கொண்டேன். மூச்சை அடி வயிறு வரைக்கும் இழுத்தேன். குத்தியது. என்றாலும் விடாமல் இழுத்தேன். அரசன் கொலுவுக்கு வருகிற பாட்டின் முதல் அடியைத் தொடங்கினேன். பாதியில் இருமல் வந்தது. இந்தமுறை விழுங்கவில்லை. இருமினேன். கட்டிலடியில் போத்தல் கொப்பளித்தது. கொத்துக் கொத்தாய்க் குமிழி. கயிற்றை இழு என்று உள்ளுக்குள் ஒரு சத்தம் கேட்டது. கேட்கட்டும் என்று விட்டுவிட்டு அடுத்த அடியை எடுத்தேன்.

திரைக்கு வெளியே இருந்து கந்தையா அண்ணையின் குரல் வந்தது.

"அரசன் வந்திட்டார், மந்திரிமார் எங்கை? மிசி, சாமரம் வீசுங்கோ!"

வாட்டே சிரித்தது. நானும் திரைக்குள் இருந்து சிரித்தேன். போத்தலும் கொப்பளித்தது.

அதன் பிறகு காலையிலும் பின்னேரமும் றீற்றா திரையைத் தள்ளிக்கொண்டு வருவாள். பந்து ஒன்று ஏறியது, பிறகு இரண்டு, கடைசிப் பந்துதான் கன நேரம் அடம் பிடித்தது. எதிர்க்கட்டில்காரர், என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், "இண்டைக்கு என்ன காட்சி?" என்று கேட்பார். நான் ஒரு நாள் தவறினால் கந்தையா அண்ணை தன் கட்டிலைத் தட்டுவார். போகப் போகக் குமிழி குறைந்தது. இந்தமுறை நான் பிடித்து வைக்கவில்லை. வெளியே போக வேண்டிய காற்றுத் தீர்ந்துபோனது. அந்த வித்தியாசம் எனக்குத் தெரிந்தது. ஆழமாய் இழுத்தாலும் போத்தல் சும்மா இருந்தது. ஆனால் படியால் நடந்தால் மூச்சு வாங்கவில்லை.

எக்ஸ்றே எடுத்தார்கள். பெரிய டொக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்தார். நான் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை, படத்தைத்தான் பார்த்தேன். வலது பக்கமும் கறுப்பு. கீழ் மூலையில் மட்டும் மாசி மாதப் பனிபோலக் கொஞ்சம் மங்கல்.

"விரிஞ்சிட்டுது," என்றார். "கொழும்பு தேவையில்லை."

றீற்றா என் கட்டிலில் இருந்துவிட்டாள். அழுவாள் என்று நினைத்தேன். "அப்ப நான் ஒவ்வொரு பாட்டுக்கும் திரை தள்ளினதுக்கு ஒரு பலன் இருக்குது," என்றாள். பிறகுதான் அழுதாள்.

குழாயை எடுக்க அந்த இளம் டொக்டர் வந்தா. தையல் நூலைப் பிடித்துக்கொண்டு சொன்னா:

"அண்ணை, நல்லாய் ஒரு மூச்சு இழுத்துப் பிடியுங்கோ. குழாயை எடுக்கிற நேரம் வெளிக்காத்து உள்ள போகக்கூடாது. நான் சொல்லுமட்டும் விடக்கூடாது. இது உங்கட வேலை."

இழுத்தேன். சங்குக்கு இறங்கும் முன் வள்ளத்து ஓரத்தில் இழுக்கிற இழுப்பு. இரண்டு பக்கமும் நிறைந்தது. எத்தனையோ நாளுக்குப் பிறகு வலது பக்கமும் நிறைவதை உள்ளிருந்து உணர்ந்தேன். பிடித்தேன். குழாய் வழுக்கிக்கொண்டு போனது. அவ நூலை இறுக்கினா, முடிந்தா, பஞ்சு வைத்தா, பிளாஸ்ரர் ஒட்டினா, கருவிகளைத் தட்டில் அடுக்கினா. மிசியோடு ஏதோ கதைத்தா. பிறகு திரும்பிப் பார்த்துத் திடுக்கிட்டா.

"ஐயோ, இன்னும் பிடிச்சுக்கொண்டோ இருக்கிறியள்? விடுங்கோ, விடுங்கோ!"

"நீங்கள் சொல்லேல்லையே," என்றேன், விட்டுவிட்டு.

கந்தையா அண்ணைக்குச் சிரித்து மூச்சு முட்டி, அவருக்கு ஒட்சிசன் வைக்க வேண்டியதாய்ப் போயிற்று. நான் வீட்டுக்கு வெளிக்கிடும்போது அவர் கையைப் பிடித்தேன். "போம், போம்," என்றார். "பெருநாளுக்குக் கூத்துக்கு வருவன். கதிரை ஒண்டு மட்டும் முன்னால போட்டு வையும்."

இப்போது வலை தூக்கப் போகிறேன். ஆழத்துக்கு இறங்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள், இறங்குவதில்லை. மூச்சு எடுத்தால் குத்துகிறது, படுத்தால் மூச்சு முட்டுகிறது என்கிறவர்கள் கொத்தமல்லியோடு நிற்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அங்கே ஒன்று விளங்காவிட்டால் ஓம் என்று சொல்லாமல் கேளுங்கள். எனக்கே ஏலுமாய் இருந்தது என்றால் உங்களுக்கும் ஏலும்.

பெருநாள் வந்தது. அண்ணாவியார், "அந்தோனி, ஆஸ்பத்திரியிலயே பாடினனியாம், இந்தமுறை மேடைக்கு வாவன்" என்று கேட்டார். மாட்டன் என்று சொல்லிவிட்டேன். அது வேறு விசயம். திரைக்குப் பின்னால் என் இடத்தில் நின்றேன். திரையாய்க் கட்டின சேலையின் கிழிசல் ஒன்றினூடாகப் பார்த்தேன். முன் வரிசையில் றீற்றா போட்ட கதிரையில் கந்தையா அண்ணை, தன் மகளின் தோளைப் பிடித்தபடி வந்து இருந்தார். அரசன் வருகிற பாட்டு வந்தது. மூச்சை இழுத்தேன், இரண்டு பக்கமும் நிறையும்வரை. முதல் அடியைத் தொடங்கினேன். அவர் கதிரையின் கையைத் தட்டினார்.